ராமச்சந்திரன் வரைபடமும் எண்ணப்படாத மேற்கோள்களும்

அறிவியல் துறைகளை மட்டுமே கொண்ட ஒரு கல்வி நிறுவனத்தின் நூலகத்தில் பதினெட்டு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் ஆசிரியர்கள் அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறை என் மேசைக்கு வருவார்கள். எழுதிய ஆய்வுக்கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் எச்-குறியெண் என்ன என்னும் மூன்று எண்களையும் தரவுத்தளங்களில் தேடிச் சரிபார்த்து, சான்றளித்துக் கையொப்பமிடுவது என் பொறுப்பு. சென்ற முறை புரதக் கட்டமைப்பை ஆராயும் ஆசிரியை ஒருவரின் கட்டுரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அவருடைய பதினொரு கட்டுரைகளிலும், புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம் என்பதைக் காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் படமாகவோ அட்டவணையில் ஒரு வரியாகவோ இடம்பெற்றிருந்தது. ஆனால் ஒரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலில்கூட ராமச்சந்திரனின் பெயர் இல்லை. அவரிடம் கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, “இதற்கு மேற்கோள் காட்ட வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லையே, சார், அது பாடநூலில் இருப்பதல்லவா?” என்றார். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. இந்தப் பதிவை எழுதவைத்தது அந்தப் பதில்தான்.

கோ. நா. ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தவர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்து, பெங்களூரில் சி. வி. ராமனிடம் ஆய்வுப் பயிற்சி பெற்று, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் முடித்துத் திரும்பியவர். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அன்றைய துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அந்தப் பதவிக்கு முதலில் ராமனைத்தான் அழைத்தார் என்பதும், தம் மாணவரின் பெயரை ராமன் பரிந்துரைத்தார் என்பதும் பலரும் அறிந்த செய்தி. அதே ஆண்டில் சென்னைக்கு வந்த படிகவியலாளர் ஜே. டி. பெர்னல், தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் நிறைந்திருக்கும் கொலாஜன் என்னும் புரதத்துக்கு அதுவரை முன்வைக்கப்பட்ட கட்டமைப்பு எதுவும் மனநிறைவு தரவில்லை என்று பேச்சினிடையே குறிப்பிட்டார். அந்தக் குறிப்பைப் பற்றிக்கொண்டுதான் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ்-கதிர்களால் படமெடுக்கத் தொடங்கினார்கள்.

1954-இல் நேச்சர் இதழில் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, மூன்று சங்கிலிகள் அருகருகே சேர்ந்து அமைவதே கொலாஜன் என்றது. மறு ஆண்டில் அதைத் திருத்தி, அந்த மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட முச்சுருளாக இருக்க வேண்டும் என்று நிறுவினார்கள். கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: ஒவ்வொரு புரியும் தனியே முறுக்கேறியிருக்க, மூன்று புரிகளும் சேர்ந்து மீண்டும் முறுக்கப்படுகின்றன. சுருளின் நடுவே இடம் மிகக் குறுகலாக இருப்பதால், ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும், புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் மிகச் சிறியதான கிளைசின் மட்டுமே பொருந்தும். கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசினாக இருப்பது ஏன் என்ற கேள்விக்கு இவ்வாறு விடை கிடைத்தது.

இதற்கு எதிர்ப்பு கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் 1955-இல் தங்கள் கொலாஜன் அமைப்பை வெளியிட்டார்கள். சென்னை அமைப்பில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கி அமைந்திருக்கின்றன என்பது அவர்களின் குறை. அந்தக் குறையில் ஒரு பகுதி நியாயமானது. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு நேரடி ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று சென்னைக் குழு கூறியதற்கு மாறாக, ஒன்றே நேரடியானது என்ற ரிச்–கிரிக் கூற்றே பின்னர் நிலைத்தது. ராமச்சந்திரனை நான் பெரிதும் மதிப்பது இந்த இடத்தில்தான். இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்ற அடிப்படைக் கேள்விக்கு அன்று எவரிடமும் உறுதியான விடை இல்லை என்பதை அவர் கண்டுகொண்டார். அதுவரை வெளிவந்திருந்த அமினோ அமிலங்கள், சில அமினோ அமிலங்கள் மட்டுமே இணைந்த சிறு பெப்டைடுகள் ஆகியவற்றின் படிகக் கட்டமைப்புகளைத் திரட்டி, எந்த அணுவுக்கும் எந்த அணுவுக்கும் இடையே எவ்வளவு குறைந்த தொலைவு காணப்படுகிறது என்பதை அவரும் அவருடைய மாணவர்களும் பட்டியலிட்டார்கள். தம் அமைப்பைக் காப்பதற்காகத் தொடங்கிய அந்தப் பட்டியல், கொலாஜனைத் தாண்டி எல்லாப் புரதங்களுக்கும் பொருந்தும் ஓர் அளவுகோலாக வளர்ந்தது.

அதன் விளைவே 1963-இல் ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜி இதழில் வந்த ஐந்து பக்கக் கட்டுரை. ஆசிரியர்கள் மூவர்: ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன்.

அந்த ஐந்து பக்கங்கள் சொல்வதை இயன்றவரை எளிமையாகச் சொல்ல முயல்கிறேன். புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. இரண்டு அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பு ஒரு தட்டையான அட்டையைப் போன்றது, அது வளையாது. ஓர் அட்டைக்கும் அடுத்த அட்டைக்கும் நடுவே ஒரு கார்பன் அணு இருக்கிறது; அதன் இரு பக்கத்துப் பிணைப்புகளையும் சுற்றி மட்டுமே சங்கிலி திரும்ப முடியும். எனவே ஒவ்வோர் இணைப்பிலும் சங்கிலி எப்படி மடங்கியிருக்கிறது என்பதை இரண்டே கோணங்களால் சொல்லிவிடலாம். அவற்றை இன்று ஃபை, சை என்ற கிரேக்க எழுத்துகளால் குறிக்கிறார்கள். ஒன்றைக் கிடைமட்ட அச்சிலும் மற்றொன்றை நிமிர்ந்த அச்சிலும் வைத்து, ஒவ்வொரு கோணச் சேர்க்கையிலும் அணுக்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று கணக்கிட்டுப் பார்த்தால், அந்தச் சதுரத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்ட நிலமாகிவிடுகிறது; சில தீவுகள் மட்டுமே எஞ்சுகின்றன. புரதங்களில் அடிக்கடி காணப்படும் மடிப்பு வடிவங்களில் ஆல்பா சுருள் ஒரு தீவில் விழுகிறது. பீட்டா தகடும் கொலாஜனின் சுருளும் மற்றொரு தீவில் விழுகின்றன. பக்கக்கிளை இல்லாத கிளைசினுக்கு மட்டும் நிலம் அகன்று விரிகிறது. இவ்வளவையும் இன்றைய கணிப்பொறி வசதிகள் இல்லாமல், மேசைக் கணக்கிடும் இயந்திரங்களின் துணையோடு செய்து முடித்தார்கள். மூலக் கட்டுரையைத் திறந்து பார்ப்பவர்கள் சற்றுத் திகைக்கக்கூடும், ஏனெனில் கோணங்களை எங்கிருந்து அளப்பது என்ற மரபு பின்னர் மாற்றப்பட்டதால், அதிலுள்ள படம் இன்றைய பாடநூல் படத்தைப் போல இருக்காது.

இனி மேற்கோள் கணக்குக்கு வருகிறேன். 1963-இல் அணு அளவு நுணுக்கத்தில் அறியப்பட்டிருந்த புரதம் ஜான் கென்ட்ரூ கண்ட மயோகுளோபின் ஒன்றே. லைசோசைம் என்ற நொதியின் கட்டமைப்பு 1965-இல்தான் வந்தது. ஆகவே வரைபடம் வெளியான முதல் சில ஆண்டுகளில் அதைப் பயன்படுத்திப் பார்ப்பதற்கு உலகில் போதிய புரதங்களே இருக்கவில்லை. ஓர் இதழின் மதிப்பை அளக்கப் பயன்படும் தாக்கக் காரணியைக் கணக்கிடும்போது, முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு அந்த ஆண்டில் கிடைத்த மேற்கோள்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். இந்த அளவுகோலை வைத்து 1965-இல் ஒருவர் மதிப்பிட்டிருந்தால், மூலக்கூறு உயிரியலின் நிலையான கருவிகளுள் ஒன்றைச் சாதாரணக் கட்டுரை என்று ஒதுக்கியிருக்கக்கூடும். மேற்கோள்களைத் தொகுக்கும் எண்ணத்தை யூஜீன் கார்ஃபீல்டு சயின்ஸ் இதழில் முன்வைத்தது 1955-இல், அதாவது கொலாஜன் விவாதம் நடந்த அதே ஆண்டில். அவருடைய மேற்கோள் சுட்டி தொகுதிகளாக வெளிவரத் தொடங்கியது 1964-இல்.

புரதக் கட்டமைப்புகளின் பொதுச் சேமிப்பகம் 1971-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் விரல்விட்டு எண்ணக்கூடிய கட்டமைப்புகளோடு தொடங்கியது. இன்று அதில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டமைப்புகள் உள்ளன. புதிய புரதக் கட்டமைப்பு ஒன்று சேர்க்கப்படும்போது அதனுடன் ஒரு சரிபார்ப்பு அறிக்கையும் தயாராகிறது. அமினோ அமிலங்களில் எத்தனை விழுக்காடு ராமச்சந்திரன் வரைபடத்தின் விலக்கப்பட்ட பகுதியில் விழுகின்றன என்பது அந்த அறிக்கையின் முதன்மையான அளவுகளில் ஒன்று. அதற்குக் காரணம் உண்டு. சோதனைத் தரவோடு அமைப்பைப் பொருத்தும்போது நிரல்கள் பிணைப்பு நீளங்களையும் பிணைப்புக் கோணங்களையும் சரியான மதிப்புக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஆனால் ஃபை, சை கோணங்களை வழக்கமாக அப்படிக் கட்டுப்படுத்துவதில்லை. எனவே சங்கிலியைத் தவறாகப் பொருத்தியவரின் பிழையை இந்த வரைபடம் காட்டிக்கொடுத்துவிடும். எக்ஸ்-கதிர் முறையானாலும் உறைநிலை மின்னணு நுண்ணோக்கி முறையானாலும், கட்டமைப்பை அறிவிக்கும் கட்டுரைகளின் முதல் அட்டவணையில் அவருடைய பெயர் ஒரு வரியாக நிற்கிறது. அட்டவணையின் வரியை எந்தத் தரவுத்தளமும் மேற்கோளாக எண்ணுவதில்லை.

எண்ணப்படும் மேற்கோளும் பெரும்பாலும் கருவிக்கே போய்ச் சேர்கிறது. வரைபடத்தை வரைந்து கட்டமைப்பின் தரத்தைச் சோதிக்கும் புரோசெக் என்ற நிரலை விவரிக்கும் 1993-ஆம் ஆண்டுக் கட்டுரைக்குக் கிடைத்த மேற்கோள்கள், 1963 கட்டுரைக்குக் கிடைத்தவற்றைவிட மிகுதி. அதன் பின் வந்த மால்புரோபிட்டி என்ற நிரலின் கதையும் இத்தகையதே. நிரலை எழுதியவர்களைக் குறை சொல்வதற்கு இல்லை. அவர்கள் நல்ல பணியைச் செய்து, மூலத்தை முறையாகச் சுட்டியும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சுட்டுவது ஒரே ஒரு மேற்கோள்; அவர்களைச் சுட்டும் ஆயிரக்கணக்கானோர் அதற்குப் பின்னால் போவதில்லை. ஒரு கருத்து துறையின் பொதுச் சொத்தாக உள்வாங்கப்பட்டபின் அதன் மூலத்தைச் சுட்டும் வழக்கமே மறைந்துபோவதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1960-களிலேயே கவனித்துப் பெயரிட்டிருக்கிறார். நான் அதை உள்வாங்கலால் மறைதல் என்று தமிழில் சொல்லிக்கொள்கிறேன். கார்ஃபீல்டும் இதைப் பற்றித் தனியே எழுதியிருக்கிறார். மேற்கோள்களை எண்ணும் தொழிலைத் தொடங்கிய மனிதரே அந்த எண்ணிக்கையில் சேராதவற்றைப் பற்றியும் கவலைப்பட்டார் என்பது எங்களைப் போன்ற நூலகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

2014-இல் நேச்சர் இதழ் அதுவரை மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட நூறு கட்டுரைகளைப் பட்டியலிட்டது. முதலிடம், கரைசலில் புரதத்தின் அளவை அறியும் முறையை விவரித்து ஆலிவர் லவ்ரி 1951-இல் எழுதிய கட்டுரைக்கு. அதற்கு 3,00,000-க்கும் மேற்பட்ட மேற்கோள்கள். இரண்டாம் இடம், புரதங்களை ஜெல்லில் பிரித்தெடுக்க உதவிய லெம்லியின் 1970 கட்டுரைக்கு. அந்தப் பட்டியலில் சேரவே ஏறத்தாழ 12,000 மேற்கோள்கள் தேவைப்பட்டன. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை அறிவித்த கட்டுரை அந்த நூறில் இல்லை. ஆய்வகத்தில் நாள்தோறும் செய்யும் ஒரு முறையை எழுதினால் அதைச் செய்பவர் ஒவ்வொருவரும் சுட்டியாக வேண்டும். சிந்தனையின் அடித்தளத்தையே மாற்றிவிட்டால், பிறகு அதைச் சுட்ட வேண்டிய தேவை எவருக்கும் தோன்றுவதில்லை. லவ்ரியே தம் கட்டுரை பெரிய கட்டுரை ஆகாது என்று வெளிப்படையாகச் சொன்னவர். அந்த நேர்மைக்காக அவர்மீதும் எனக்கு மதிப்பு உண்டு. எவரும் பயன்படுத்தக்கூடிய ஒரு முறையைத் தெளிவாக எழுதித்தருவது சிறிய பணியாகாது.

பதவி உயர்வுப் படிவத்தில் இன்று பெரிதாகப் பார்க்கப்படும் எச்-குறியெண்ணை 2005-இல் முன்மொழிந்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவரின் கட்டுரைகளில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 20 முறையாவது சுட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 20. இதன்படி, ஆயிரக்கணக்கான மேற்கோள் பெற்ற 1963 கட்டுரையும், எச்-குறியெண்ணின் வரம்பைத் தொட்டுவிட்ட மற்றொரு கட்டுரையும் ஒரே எடை பெறுகின்றன. அதோடு, வரைபடத்துக்கு உரிய மேற்கோள்களும் ஓரிடத்தில் குவியவில்லை. 1965-இல் பயோபிசிக்கல் ஜர்னலில் வந்த விரிவான கட்டுரைக்குச் சில போயின; 1968-இல் ராமச்சந்திரனும் சசிசேகரனும் எழுதிய, நூற்றைம்பது பக்கங்களை ஒட்டிய பெரும் மீள்பார்வைக் கட்டுரைக்குச் சில போயின. அவருடைய தொடக்ககால ஆய்வுகளில் பல இந்திய அறிவியல் கழகத்தின் வெளியீடுகளில்தான் வந்தன. படிகங்களின் கட்டமைப்பை அறிய ஒழுங்குமீறிய எக்ஸ்-கதிர்ச் சிதறலைப் பயன்படுத்தலாம் என்று அவரும் எஸ். ராமனும் 1956-இல் எழுதிய முன்னோடிக் கட்டுரை கரண்ட் சயின்ஸ் இதழில் வெளியானது. இன்று எங்கள் நிறுவனத்தில் யாரேனும் தம் தலைசிறந்த கண்டுபிடிப்பை இந்திய இதழில் வெளியிட விரும்பினால், குறைந்த தாக்கக் காரணியைக் காட்டி நாங்களே அவரைத் தடுத்துவிடுவோம் என்று அஞ்சுகிறேன்.

பெயர்ச் சிக்கலையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இது என் மேசையில் நாள்தோறும் நடப்பது. ஜி என்பது கோபாலசமுத்திரம் என்னும் ஊரின் முதலெழுத்து. என் என்பது தந்தை நாராயண ஐயரின் பெயர். ராமச்சந்திரன் என்பதே அவருடைய பெயர். மேற்கத்தியத் தரவுத்தளங்களோ இறுதியில் இருப்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, உலகத்து ராமச்சந்திரன்களையெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக நிறுத்துகின்றன. ராமகிருஷ்ணன்களின் நிலை இன்னும் கடினம்: முதலெழுத்து ஒன்றே என்றால் இருவேறு துறைகளைச் சேர்ந்தவர்களின் கட்டுரைகள் ஒருவர் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன, முதலெழுத்தை ஒருமுறை விரித்தெழுதி ஒருமுறை சுருக்கினால், ஒருவரே இருவராகப் பிரிந்துவிடுகிறார். 2012-இல் ஆர்சிட் என்ற தனி அடையாள எண் வந்தபின் இளைய ஆய்வாளர்களுக்கு இந்தத் துன்பம் குறைந்திருக்கிறது. பழைய தலைமுறைக்கு அதனால் பயன் இல்லை. திருமணத்துக்குப் பின் முதலெழுத்தை மாற்றிக்கொண்ட ஆசிரியைகளின் பாதிப் பணி காணாமல் போனதையும், அதை மீட்டெடுக்க வாரக்கணக்கில் கடிதம் எழுதியதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ராமச்சந்திரனின் பெயர் பொதுச்சொல்லாக மாறியது ஒருமுறையோடு நிற்கவில்லை. 1970-இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்குச் சென்று மூலக்கூறு உயிர்இயற்பியல் பிரிவைத் தொடங்கியபின், 1971-இல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல திசைகளில் எடுத்த கதிர்ப்படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை மீட்டெடுக்கும் ஒரு கணித முறையை வெளியிட்டார். நீண்ட ஃபூரியே கணக்குகளுக்குப் பதிலாக, ஒவ்வொரு படத்தையும் ஒரு வடிகட்டியின் வழியே செலுத்திப் பின்னோக்கிப் பரப்பும் முறை அது. வானொலி வானியலில் இதற்கு ஒப்பான வழி 1967-இலேயே சொல்லப்பட்டிருந்தது. மருத்துவப் படமெடுப்புக்குப் பொருந்தும் வடிவத்தில் இதை எளிமையாக்கியது இவர்களின் பங்கு. இன்று மேட்லேப் என்ற கணிப்பு மென்பொருளில் இத்தகைய மீட்டெடுப்பைச் செய்யும் செயற்கூறுக்கு வேறு கட்டளை எதுவும் தராவிட்டால், அது தானாகவே எடுத்துக்கொள்ளும் வடிகட்டியின் பெயர் ராம்-லக். அந்தப் பெயர் இரண்டு மனிதர்களின் பெயர்ச்சுருக்கம் என்பதை எங்கள் மாணவர்கள் பலர் அறிந்திருக்கவில்லை. ராமனும் இலக்குவனும் என்று எண்ணிக்கொண்டிருந்த ஒரு மாணவரும் உண்டு.

மனத்தை உறுத்தும் ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். வரைபடம் ராமச்சந்திரன் ஒருவர் பெயரால் வழங்குகிறது. மேற்கோள் பட்டியலோ மூவரின் பெயர்களையும் தாங்கியிருக்கிறது. கணக்கீடுகளையும் தொலைவுப் பட்டியலையும் உருவாக்கிய ராமகிருஷ்ணனுக்கும் சசிசேகரனுக்கும் உரிய மதிப்பு, மூலக் கட்டுரை முழுமையாகச் சுட்டப்படும் இடங்களில்தான் கிடைக்கிறது. பெயரை மட்டும் சொல்லி மூலத்தை விட்டுவிடும் பழக்கத்தால் ராமச்சந்திரன் இழந்தது எண்ணிக்கை மட்டுமே; மற்ற இருவருமோ பெயரையே இழந்துவிடுகிறார்கள். மேற்கோள் காட்டுவது எண்ணுவதற்காக மட்டும் ஏற்பட்ட வழக்கம் இல்லை என்று நான் நம்புவதற்கு இதுவே முதற்காரணம்.

அந்த ஆசிரியையின் பன்னிரண்டாம் கட்டுரையின் அச்சுப்படி சென்ற மாதம் என் பார்வைக்கு வந்தது. முதல் அட்டவணையில் ராமச்சந்திரன் வரி வழக்கம்போல இருந்தது. அதன் ஓரத்தில் 14 என்ற எண் புதிதாக இருந்தது. பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன்: ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன், 1963, தொகுதி 7, பக்கம் 95 முதல் 99 வரை.